இன்னொருவர் உடுத்திய துணி

எனக்குக் கல்யாணமாகித் திருச்செங்கோட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் தையல்கடை வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற வழியில், வெற்றிலைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் அறை. முன்னால் தையல் மெஷின், பின்னால் துணி வெட்டுகிற பலகை, அதற்கும் பின்னால் சுவரோரமாக ஒரு மர அலமாரி. எழுபதுகளின் தொடக்கம் அது. சட்டை வேண்டுமென்றால் துணி எடுத்துக்கொண்டு தையல்காரரிடம்தான் போக வேண்டும். ரெடிமேட் என்ற பேச்சே எங்கள் பக்கம் அவ்வளவாகக் கிடையாது.

பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டு நானும் கடைக்கு வர ஆரம்பித்தபோதுதான் அந்த அலமாரியைத் திறந்து பார்த்தேன். தைத்து முடித்த சட்டைகளும் பேண்டுகளும் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. சில சீட்டுகளில் குண்டூசி துருப்பிடித்துத் துணியிலேயே பொட்டு வைத்திருந்தது. நோம்பி, பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போனவர்களின் துணிகள் என்றார் வீட்டுக்காரர். சிலர் ஊரை விட்டே போயிருப்பார்களாம். சிலருக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றிருக்குமாம். சிலருக்கு மறந்தே போயிருக்குமாம். வருஷக்கணக்காகக் கிடந்தவையும் அதில் இருந்தன.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. அப்பா தறி நெய்தார். தவழ்கிற வயதிலிருந்து நூலுக்குள்ளேயே கிடந்து வளர்ந்ததால் துணியைத் தொட்டால் போதும், அது இன்னும் எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று விரலே சொல்லிவிடும். அலமாரியில் இருந்ததெல்லாம் நல்ல துணி. மடிப்பில் கிடந்தே வீணாகிக்கொண்டிருந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். அடுத்தவர் பொருள், தொடாதே என்று முடித்துவிட்டார். அவர் கையில் நேர்மை எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலையில் கடை திறந்தவுடன் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். சங்ககிரிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னார். ஒரு பஸ் கம்பெனியில் கண்டக்டர் வேலைக்கு மதியம் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் பேண்டே கிடையாது. சாயங்காலத்துக்குள் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். மதியமே வேண்டியிருப்பதைச் சாயங்காலம் கேட்கிற அளவுக்குப் பதற்றம்.

வீட்டுக்காரர் கையை விரித்தார். வந்தவர் திரும்பிப் படியிறங்கினார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு ஏதோ செய்தது. அலமாரியைத் திறந்து, இரண்டு வருஷமாகக் கிடந்த சாம்பல் நிறப் பேண்ட் ஒன்றை எடுத்து மெஷின் மேல் போட்டேன்.

"இடுப்பைப் பிடிச்சு, நீளத்தைக் குறைச்சா சரியாப் போயிருமுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்தார். அரை மணி நேரத்தில் அந்த ஆள் பேண்ட் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்து மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஒரு வாரம் கழித்து வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லவும், பேண்டைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கவும் வந்தார். அதையே வைத்துக்கொள்ளச் சொன்னோம். இன்னொன்று இருந்தால் தேவலாம் என்றார்.

கண்டக்டர் வேலைக்குப் போனவர் சும்மா இருப்பாரா. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார், அத்தனை பேரிடமும் எங்கள் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த மாதம் முடிவதற்குள் அலமாரியில் பாதி காலியாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு மட்டும் பயம் போகவில்லை. அந்தச் சாம்பல் நிறப் பேண்டுக்குச் சொந்தக்காரர் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பயந்தது போலவே அந்த ஆளும் ஒரு நாள் வந்தார். லாரி ஓட்டப் போனவராம். இரண்டு வருஷத்தில் ஆளே பெருத்திருந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னார். புதிதாக ஒன்று தைத்துத் தருவதாகவும் சொன்னார். வந்தவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, அது இருந்திருந்தாலும் இனி முழங்காலுக்கு மேல் ஏறாது என்று சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, தனக்குப் பற்றாமல் போன சட்டைகள் வீட்டில் ஏழெட்டு இருக்கின்றன, எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்.

பழைய துணி எங்கள் கடைக்குள் வந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு தைக்கிற வேலையைவிடப் பிரித்துத் தைக்கிற வேலைதான் வீட்டுக்காரருக்கு அதிகமாயிற்று. காலர் நைந்த சட்டைக்குக் காலரைப் பிரித்துத் திருப்பிப் போடுவார். முழங்கை கிழிந்தால் அரைக்கையாக்கிவிடுவார். நான் பிடித்துப் பார்த்துச் சொல்வேன், அவர் வெட்டுவார். பலகைக்கு மேலே ஒரு மூங்கிலைக் கட்டி எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு மாட்டினோம். கடைக்குப் பெயர்ப்பலகை எதுவும் வைக்கவில்லை. ஊரே பழைய துணிக்கடை என்றுதான் சொல்லிற்று.

சேலத்தில் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. புதுத்துணி நெய்கிற வீட்டில் பிறந்தவள் அடுத்தவர் கழித்ததை விற்பதா என்று அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். ஒரு வருஷம் கடைப்பக்கமே வரவில்லை. பிறகு ஒரு தடவை மலைக்கோயிலுக்கு வந்தவர் வழியில் நின்று, மூங்கிலில் தொங்கிய ஒரு சேலையின் முந்தானையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். இன்னும் பத்து வருஷம் வரும் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு டீச்சரம்மா இருந்தார். ஆரம்பப் பள்ளியில் வேலை. அவருடைய கணவரும் வாத்தியார்தான். ஒரு வருஷம் தை மாதத்தில் திடீரென்று மார்வலி வந்து இறந்துபோனார். நாலைந்து மாதம் கழித்து டீச்சரம்மா ஒரு டிரங்குப் பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். உள்ளே பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள். எல்லாம் நீலம் போட்டு, கஞ்சி போட்டு மடித்தவை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார். எரிக்கவும் மனம் வரவில்லையாம். யாராவது போட்டுக்கொண்டு நடமாடினால் போதும் என்றார். காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் அந்தச் சட்டைகளை மற்றவற்றோடு மாட்டினேன். யாருடையவை என்று வாங்க வந்தவர்களிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. இன்று நினைத்தாலும் அந்த இடத்தில் நான் செய்தது தப்புதான்.

மூன்று சட்டை போயிருக்கும். அதற்குள் எப்படியோ பேச்சு கிளம்பிவிட்டது. டீக்கடையில் ஆரம்பித்தது என்றார்கள். ஒரு வாத்தியார் சட்டை என்பது நாலு பேர் வாயில் புகுந்து வெளியே வந்தபோது, கடையில் இருப்பதெல்லாமே செத்தவர்கள் துணி என்று ஆகிவிட்டது. சுடுகாட்டில் பொறுக்கியது என்று ஒருவர். ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது என்று இன்னொருவர். வாங்கிப் போனவர்கள் திரும்ப வந்து, எதுவும் கேட்காமல் சட்டையைப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தைக்கக் கொடுத்தவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். நானும் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வார்த்தை அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் எங்கேயோ போய் ஒரு பெரிய செம்பு அண்டாவை வாடகைக்கு எடுத்து, தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குத் தண்ணீர் காய்ச்சுகிற அண்டா. கடைக்கு முன்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். மூங்கிலில் தொங்கியதை எல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். தெருவே பார்க்கட்டும், எந்தத் துணியாக இருந்தாலும் நம் கையில் வெந்த பிறகுதான் இன்னொருவர் உடம்புக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றார். சலவைச் சோடாவும் சோப்பும் போட்டுப் பருத்தித் துணிகளைக் கொதிக்க வைத்தோம். சாயம் போகிறவற்றைத் தனியாக அலசினோம். பட்டுத் துணியை மட்டும் கொதிக்க விடாமல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நானே கசக்கினேன். புகை தெரு முழுக்கப் போயிற்று. வேடிக்கை பார்க்கக் கூட்டம் நின்றது. ஆனால் படியேறி யாரும் வரவில்லை.

அன்று சந்தை நாள். பத்து மணி வாக்கில் டீச்சரம்மா வந்தார். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பி வந்த மூன்று சட்டைகளும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். வகுப்பில் பேசுகிற அதே குரல்தான். உயர்த்தவில்லை.

"இது என்ற ஊட்டுக்காரரு சட்டை. நாந்தான் கொண்டாந்து குடுத்தேன். அவரு ஒட்டுற சீக்குல போகலைங்க, மார்வலியில போனாரு. உங்க புள்ளைங்களுக்குத்தான் இருபது வருசமா அ, ஆ சொல்லிக் குடுத்தாரு. இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் சொல்லிக் குடுத்தாரு. இதைப் போட்டா என்ன தோசம் வந்துரும்?"

அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருந்தது. எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. வாத்தியார் சட்டை என்று சொல்லாமல் விற்றது என் தப்பு, இனிமேல் எந்தத் துணி எப்படி வந்தது என்று கேட்காமலே சொல்லித்தான் கொடுப்பேன், வேண்டாம் என்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

கூட்டத்தில் ஒரு லாரி மெக்கானிக் நின்றிருந்தார். உடம்பெல்லாம் கிரீஸ். அவர் முன்னால் வந்து அந்தச் சட்டையைக் கையால் காட்டினார்.

"வாத்தியாரு சட்டைங்களா?"

"ஆமாங்க."

"நான் ரெண்டாங் கிளாஸோட நின்னுட்டனுங்க. குடுங்க, போட்டாலாவது கொஞ்சம் புத்தி வருதான்னு பாக்கறேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. டீச்சரம்மாவும் சிரித்தார். கணவர் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம் என்று பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். மெக்கானிக் கையைத் துடைத்துவிட்டுச் சட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாடகை அண்டாவைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, விலைக்கே வாங்கிவிட்டோம். வாரத்தில் இரண்டு நாள் கடை முன்னால் துணி கொதிக்கும். பழைய துணி வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தவர்களும் அந்தப் புகையைத் தாண்டித்தான் நடந்துபோனார்கள். பார்த்துப் பார்த்து அவர்களுக்கும் பழகிவிட்டது.

எண்பதுகள் வந்தபோது எங்கள் ஊரின் போக்கே மாறத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற ரிக் லாரிகள் ஒன்று இரண்டு என்று வந்து, பிறகு தெருவுக்குத் தெரு நின்றன. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் அந்த லாரிகளில் ஏறி ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போனார்கள். ஒரு மார்கழியில் ஊர் திரும்பிய ஒரு பையன் கடைக்கு வந்து, கம்பளிச் சட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். ரிக் லாரியில் துளை போடுகிற டிரில்லர் வேலை பார்ப்பவன். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. வடக்கே விடியற்காலைக் குளிரில் இரும்புக் குழாயைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்கிறது என்றான். சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலை செய்கிறார்களாம். எங்கள் பக்கம் யாரிடம் கம்பளிச் சட்டை இருக்கும்? இருந்த ஒரே ஒரு சால்வையைக் கொடுத்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் முழுவதும் வீட்டுக்காரர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். மெட்ராஸில் கப்பலில் வருகிற பழைய கம்பளித் துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் சேலத்தைத் தாண்டிப் போனதில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ரயில் ஏறினார். நாலாம் நாள், ஆள் உயரத்துக்கு இருந்த மூட்டையோடு ஒரு லாரியில் வந்து இறங்கினார். சணல் கட்டை அறுத்ததும் உள்ளே அமுக்கி வைத்திருந்த துணி மூச்சு விட்டதுபோல் எழும்பி வெளியே சரிந்தது. பூச்சி உருண்டை நாற்றம். ஸ்வெட்டர்கள், கழுத்து வரை பட்டன் வைத்த கோட்டுகள், நான் பார்த்தே இராத முரட்டுத் துணிகள். அந்த நாட்டு ஆட்கள் எல்லாரும் பனைமர உயரம் போலும். ஒரு கோட்டுக்குள் எங்கள் ஊர் ஆள் இரண்டு பேர் போகலாம்.

வீட்டுக்காரருக்குத் தீனி கிடைத்தது. ஒவ்வொரு கோட்டையும் பிரித்து, வெள்ளைக்காரர் தோளை எங்கள் ஊர்த் தோளாக்கினார். ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். சில கோட்டுகளில் பட்டன் இடது பக்கம் இருப்பதைக் காட்டினார். அவையெல்லாம் பெண்களுடைய கோட்டுகளாம். அதற்குள் நாலைந்து டிரில்லர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு அவற்றைப் போட்டுக்கொண்டு வடக்கே போய்விட்டிருந்தார்கள். மிச்சமிருந்தவற்றில் பட்டனை வலது பக்கம் மாற்றித் தைத்தார். போனவர்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. துணி எப்படி வந்தது என்று சொல்லித்தான் கொடுப்பேன் என்ற என் வாக்குக்கு அது ஒரு விதிவிலக்கு.

வெடித்த விரல்களோடு வந்த அந்தப் பையன் வருஷா வருஷம் வந்தான். ஆளும் தேறினான். மூன்றாவது வருஷம் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று சொல்ல வந்தான். பெண் நூல் மில்லில் வேலை பார்க்கிறவள், அப்பா கிடையாது, அம்மா மட்டும்தான் என்றான். அடுத்த வாரம் அந்தப் பெண்ணும் அம்மாவும் கடைக்கு வந்தார்கள். தாலி கட்டும்போது உடுத்துகிற கூறைச் சேலைக்கு மாப்பிள்ளை வீட்டார் சாதாரண நூல் சேலை எடுத்திருந்தார்கள். அதன் பிறகு வரவேற்புக்குக் கட்டிக்கொள்ளப் பட்டாக ஒன்று கிடைக்குமா என்று அம்மா கேட்டார். அந்தப் பெண் மூங்கிலில் இருந்த எதையும் பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் பெட்டியில் ஒரு சேலை இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்தச் சேலை வந்த கதையைச் சொல்ல வேண்டும். மழை பொய்த்த ஒரு வருஷம், ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மா மத்தியான வெயிலில், தெருவில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்தார். கிணறு வற்றி, மூன்று இடத்தில் போர் போட்டும் தண்ணீர் வரவில்லை. மாட்டுக்குத் தீவனம் வாங்க வேண்டும் என்றார். பைக்குள்ளிருந்து அரக்கு நிறப் பட்டுச் சேலையை எடுத்தார். பச்சைக் கரை, நல்ல சரிகை. என் வாழ்நாளில் அப்படி ஒரு பாவு நூலை நான் தொட்டதில்லை. தான் விற்றது யாருக்கும் தெரியக் கூடாது, இந்த ஊரில் யாருக்கும் விற்கவும் கூடாது என்று கேட்டுக்கொண்டார். வெளியூருக்குத்தான் கொடுப்பேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கல்யாணம் எங்கே என்று கேட்டேன். குமாரபாளையத்தில் என்றார் பெண்ணின் அம்மா. வெளியூர்தானே என்று என் மனம் சமாதானம் சொல்லிற்று. சேலையை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போட்டேன். அவள் கண்ணாடியில் பார்த்தாள். கையை எடுத்து அந்தச் சரிகை மேல் வைத்துக்கொண்டாள். மில்லில் அறுந்த நூலுக்கெல்லாம் முடிச்சுப் போடுகிற கை. எடுக்கவே மனமில்லாமல் அங்கேயே வைத்திருந்தாள். நான் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். குமாரபாளையம் மண்டபத்தில் மாலை மரியாதையெல்லாம் முடிந்து, பெண் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மண்டபமே அவளைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். பிறகு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். சேலையை விற்ற தோட்டத்தம்மா. மாப்பிள்ளை வேலை பார்க்கிற ரிக் வண்டி அவருடைய தம்பியுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? தம்பி குடும்பத்தோடு அவரும் வந்திருந்தார்.

அவர் சேலையைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார். பிறகு எழுந்து மேடைக்குப் போனார். நான் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடையில் பெண்ணின் முன்னால் குனிந்து, கொசுவத்தின் மூன்றாவது மடிப்பை எடுத்து உள்ளே தள்ளி, அதற்கடுத்த மடிப்பை மேலே கொண்டுவந்தார். அந்த இடத்தில் கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண்ணெய்க் கறை உண்டு. நான் எவ்வளவோ அலசியும் போகவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கும் அந்தச் சேலையைக் கட்டியவருக்கும்தான் தெரியும். கறை மறைந்ததும் முந்தானையை இழுத்துவிட்டு, தன் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி அவள் தோளில் குத்தினார். நல்லா இரு சாமி என்று சொல்லிக் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கி, நேராக என்னிடம் வந்தார்.

"வெளியூருக்குத்தான் குடுப்பேன்னு சொன்னீங்க" என்றார்.

"தப்புத்தானுங்க. உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும்."

அவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேடையில் இருந்த சேலையைக் காட்டினார்.

"என்ற கல்யாணத்துக்கு எங்கய்யன் எடுத்தது. அதுக்கப்பறம் ரெண்டே தடவைதான் கட்டுனேன். வெச்சிருந்தா இந்நேரம் மடிப்புலயே இத்துப் போயிருக்குமுங்க. அந்தப் புள்ளைக்கு எப்படி எடுப்பா இருக்குது பாருங்க" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. பந்திக்குக் கூப்பிட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது நாலாவதாகப் போட்ட போரில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னார். ஐந்நூறு அடிக்கு மேல் போயிற்றாம். தோட்டத்தில் மஞ்சள் வைத்திருக்கிறார்களாம்.

அதன் பிறகு அவர் கடைக்கு வருவதற்கு மத்தியான வெயிலைத் தேடவில்லை. கூட்டம் நிற்கிற நேரத்திலேயே வருவார். அடுத்த மே மாதம் ஒரு பையில் தன் மகனுடைய பள்ளிச் சீருடைகளைக் கொண்டுவந்து பலகை மேல் வைத்தார். காக்கி டவுசர் நாலு, வெள்ளைச் சட்டை நாலு. ஒரு வருஷத்தில் பையன் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டான், துணி அப்படியே புதுசாக இருக்கிறது என்றார். யாராவது இதைவிடப் பெரிய அளவு கொண்டுவந்தால் எடுத்து வைக்கச் சொன்னார்.

நான் அதை டீச்சரம்மாவிடம் சொன்னேன். அப்போது அவர் தலைமை ஆசிரியை ஆகியிருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சீருடை இல்லாததால் முதல் வாரம் வராமல் நின்றுவிடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். கோடை லீவு விடுகிற அன்று எல்லாப் பிள்ளைகளிடமும், பற்றாமல் போன சீருடையை வீணாக்க வேண்டாம், பழைய துணிக்கடைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பினார். முதல் வருஷம் ஒரு மூட்டைதான் சேர்ந்தது. அடுத்த வருஷம் மற்றப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வந்தது. சின்னதைக் கொடுத்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டு போவார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாதவர்களும் எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு நாங்கள் காசு வைக்கவில்லை. மற்றத் துணியில் வருவது வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

எண்பதுகள் முடியும்போது பக்கத்திலிருந்த சைக்கிள் கடை காலியாகி, அந்த அறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். கடைவீதியில் ரெடிமேட் கடைகள் வந்துவிட்டன. இனி உங்களிடம் யார் வருவார்கள் என்று சிலர் கேட்டார்கள். ரெடிமேட் அதிகமானால் கழிவதும் அதிகமாகும், அதுவும் எங்களிடம்தானே வரும் என்பார் வீட்டுக்காரர். அவர் சொன்னபடியே வந்தது.

மே மாதக் கடைசி வாரம் எங்களுக்கு நிற்க நேரமிருக்காது. விடிந்ததிலிருந்து பிள்ளைகளும் அம்மாக்களும் படியில் நிற்பார்கள். ஒரு தடவை ஒரு பெண் குழந்தை பாவாடையை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, இதுக்கு முன்னாடி இதை யாருங்க போட்டிருந்தது என்று கேட்டாள். கொடுத்த பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதி அதில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தேன். பெயரைச் சொல்லி, உன்னைவிட ஒரு வகுப்பு மேலே படிக்கிற பிள்ளை என்றேன். நல்லாப் படிக்கறவளா என்று அடுத்துக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, நீயே பள்ளிக்கூடத்தில் போய் அவளைக் கேள் என்றேன். அவள் பாவாடையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். நான் அடுத்த பிள்ளைக்கு அளவு நாடாவைப் பிடித்தேன்.